ஹார்ட் டிஸ்க் போயிடுச்சா? புதுசு வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

திங்கட்கிழமை காலை. ஒன்பதரை மணிக்கு மீட்டிங். லேப்டாப்பை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: ‘நோ பூட்டபிள் டிவைஸ்’. ரீஸ்டார்ட் செய்தாலும் அதே வரிதான். மாலையில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ, வீட்டுக்குப் பக்கத்து சர்வீஸ் கடையிலோ கொண்டுபோய்க் கொடுத்தால் ஐந்தே நிமிடத்தில் பதில் வரும்: “டிஸ்க் போயிடுச்சு சார். புதுசு போட்டு விண்டோஸ் ஏத்திக் கொடுத்துடறோம்.”

கடைக்காரர் சொல்வது பல நேரம் சரியாகவே இருக்கும். மறுநாளே லேப்டாப் ஓடவும் செய்யும். ஆனால், மூன்று வருட ஆபீஸ் ஃபைல்கள், குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள், வருமான வரிக் கணக்குக்கான ஆவணங்கள் எல்லாம் எங்கே போயின? அந்தக் கேள்வி பெரும்பாலும் இரண்டு நாள் கழித்துத்தான் வருகிறது. அதற்குள் பழைய டிஸ்க் கடையின் மூலையில் எங்கோ கிடக்கும்.

கடையைப் பொறுத்தவரை லேப்டாப்பை ஓட வைப்பதுதான் வேலை. லேப்டாப்புக்குச் சொந்தக்காரருக்கு டேட்டாதான் முக்கியம். அதனால் வேலை நடக்க வேண்டிய வரிசையும் மாறுகிறது. முதலில் காப்பி, அடுத்து பரிசோதனை, கடைசியில்தான் புது டிஸ்க். இந்த வரிசை தலைகீழாகும்போதுதான் காப்பாற்றியிருக்கக்கூடிய டேட்டாவும் கைவிட்டுப் போகிறது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

முதல் காரணம், விலை. சில வருடங்களுக்கு முன்பு வரை எஸ்.எஸ்.டி விலை குறைந்துகொண்டே வந்தது. ‘பழசைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டிடலாம்’ என்று யோசிக்காமல் சொல்ல முடிந்தது. 2025-ன் இரண்டாம் பாதியில் இந்த நிலை மாறியது. ஏ.ஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை மொத்தமாக வாங்கிக் குவிக்க, ரேம், எஸ்.எஸ்.டி இரண்டின் விலையும் உலகம் முழுக்க ஏறத் தொடங்கியது. சாதாரண வாடிக்கையாளர்களுக்கான ‘குரூஷியல்’ பிராண்டு வியாபாரத்திலிருந்தே விலகுவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது.

இப்படி நடப்பது முதல் முறையும் இல்லை. 2011-ல் தாய்லாந்தை வெள்ளம் சூழ்ந்தபோது, அங்கிருந்த ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் தண்ணீரில் மூழ்கின. சில வாரங்களிலேயே உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை எகிறியது. லேப்டாப்பின் மற்ற பாகங்களைப் போலவே டிஸ்க்கும் உலகச் சந்தையின் ஏற்ற இறக்கத்தில் சிக்கிய பொருள்தான். விலை ஏறியிருக்கும் நேரத்தில், டிஸ்க் நன்றாக இருக்கும்போதே ‘போயிடுச்சு’ என்று மாற்றுவது வீண் செலவு.

இரண்டாவது காரணம், விண்டோஸ் 10. இதற்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளைப் பூர்த்தி செய்வதில்லை. ஆக, டிஸ்க் போகும் நாளில் ‘டிஸ்க்கை மாத்துறதா, லேப்டாப்பையே மாத்துறதா’ என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

லேப்டாப்புகளில் இரண்டு வகை டிஸ்க் உண்டு. பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில் காந்தப் பூச்சு பூசிய தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். அவற்றுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில், தட்டைத் தொடாமல், ‘ஹெட்’ எனும் சிறு முனை பறந்தபடி படிக்கும், எழுதும். ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப் மேசையிலிருந்து விழுந்தால் அந்த முனை தட்டில் உரசிவிடும். உரசிய இடத்தில் இருந்த டேட்டா அத்தோடு போச்சு. அங்கிருந்து பறக்கும் தூள் மற்ற இடங்களையும் கெடுக்கும்.

எஸ்.எஸ்.டி-யில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. எல்லாமே சிப். கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். ஆனால் இது போகும் விதம் வேறு. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் முனகி, தடுமாறி, சில நாள் அவகாசம் கொடுத்துப் போகும். எஸ்.எஸ்.டி நேற்று வரை நன்றாக ஓடிவிட்டு இன்று காலை பயாஸ் திரையில்கூடத் தெரியாமல் போகலாம். சில எஸ்.எஸ்.டி-க்கள் ஆயுள் முடியும்போது ‘படிக்க மட்டும்’ என்ற நிலைக்குப் போய்விடும். அப்படி நின்றால் அதிர்ஷ்டம், காப்பி எடுத்துக்கொள்ளலாம்.

நிஜமாவே டிஸ்க்தானா?

லேப்டாப் ஸ்லோவாக இருந்தாலே டிஸ்க் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 10 ஓடும்போது, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பயன்பாடு 100 சதவீதத்தில் நிற்பது பல லேப்டாப்புகளில் சகஜம். அது பழுதல்ல, பழைய வகை டிஸ்க்கின் வேகம் அவ்வளவுதான்.

டிஸ்க் மீது நிஜமாகவே சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. சீரான இடைவெளியில் ‘டிக்... டிக்...’ என்ற சத்தம். குறிப்பிட்ட சில ஃபைல்களைத் திறக்கும்போது மட்டும் லேப்டாப் உறைந்து நிற்பது. ஃபோல்டர் பெயர்கள் குழம்பிப் போவது. காப்பி செய்யும்போது பாதியில் எர்ரர் வருவது. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் வேறு வேலை செய்யாமல் முக்கிய ஃபைல்களை வெளியே எடுத்துவிட வேண்டும்.

லேப்டாப் ஆன் ஆகவே இல்லை என்றால் மூன்று படிகளில் பார்க்கலாம்.

முதல் படி, பயாஸ். அங்கே டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் டிஸ்க் செத்திருக்கலாம், கனெக்டர் லூஸாகவும் இருக்கலாம். கழற்றி மாட்டினாலே சரியாகிவிடும் கேஸ்களும் உண்டு.

இரண்டாவது படி, லேப்டாப்பிலேயே இருக்கும் பரிசோதனை வசதி. டெல் லேப்டாப்பில் ஆன் செய்ததும் எஃப்12, எச்பி-யில் எஃப்2 அழுத்தினால் இது கிடைக்கும். விண்டோஸ் ஏறாவிட்டாலும் இது ஓடும். முதலில் குறுகிய சோதனையை மட்டும் ஓட்டினால் போதும்.

மூன்றாவது படி, பென் டிரைவிலிருந்து லினக்ஸ். உபுண்டு போன்ற லினக்ஸை இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க முடியும். அது தடையின்றி ஓடினால் மதர்போர்டும் ரேமும் பெரும்பாலும் நலம். சந்தேகம் டிஸ்க் மீதும் விண்டோஸ் மீதும் மட்டும் நிற்கும். லினக்ஸில் டிஸ்க் திறந்து ஃபைல்கள் ஒழுங்காகத் தெரிந்தால், விண்டோஸ்தான் கெட்டிருக்கிறது என்ற வாய்ப்பு அதிகம். அதற்குப் புது டிஸ்க் வாங்கத் தேவையே இல்லை.

‘ஸ்மார்ட்’ சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும். அந்தப் பதிவுக்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். விண்டோஸில் ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் இதைக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து.

நிறத்தைவிட எண்கள் அதிகம் சொல்லும். ஹார்ட் டிஸ்க்கில் கவனிக்க வேண்டியவை நான்கு. 05 என்ற வரிசை, கெட்டுப்போனதால் ஒதுக்கி வைக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை. சி5, படிக்க முடியாமல் சந்தேகப் பட்டியலில் நிற்கும் இடங்கள். சி6, சரிசெய்யவே முடியாதவை. இந்த மூன்றின் அசல் மதிப்பு பூஜ்யமாக இருப்பதே நல்லது. நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க்கின் நாட்கள் எண்ணப்படுகின்றன. நான்காவதான சி7 மட்டும் ஏறினால், குற்றவாளி பெரும்பாலும் கேபிளோ கனெக்டரோதான். டிஸ்க்கை மாற்றினாலும் பிரச்சினை தீராது.

என்.வி.எம்.இ வகை எஸ்.எஸ்.டி-யில் பார்க்க வேண்டியது வேறு. ஆயுளில் எத்தனை சதவீதம் செலவாகிவிட்டது, மாற்று இடம் எவ்வளவு மிச்சம், டேட்டா பிழைகள் எத்தனை என்பவை.

ஆனால் ‘ஸ்மார்ட்’ நல்லா இருக்குன்னு காட்டினால் டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பழுதான டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு ‘ஸ்மார்ட்’ குறியீடுகளில் எந்த எச்சரிக்கையும் காட்டாமலே போயிருந்தன. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க கிளவுட் நிறுவனம் 2016-ல் வெளியிட்ட கணக்கின்படி, அவர்கள் கவனிக்கும் ஐந்து குறியீடுகளிலும் பூஜ்யம் காட்டிக்கொண்டே செத்துப்போனவை 23.3 சதவீதம்.

எச்சரிக்கை வந்தால் நம்ப வேண்டும் என்பதும் அதே கூகுள் ஆய்வில் இருக்கிறது. முதல் ஸ்கேன் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு மற்ற டிஸ்க்குகளைவிட 39 மடங்கு அதிகம். ஆக, சிவப்பு என்றால் நம்பலாம். நீலம் என்றால் பேக்கப்பை மறந்துவிடக் கூடாது.

செய்யக் கூடாத வேலைகள்

டிஸ்க் தடுமாறும்போது பலரும் முதலில் ஓட்டுவது ‘செக் டிஸ்க்’. இது ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்யும் கருவி. டிஸ்க்கே உடைந்துகொண்டிருக்கும்போது, அதன் மேல் மணிக்கணக்காக எழுதவும் படிக்கவும் வைத்து நிலைமையை மோசமாக்கக்கூடும். ஃபார்மேட் செய்து பார்ப்பது, டிஃப்ராக் ஓட்டுவது, மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்வது எல்லாமே இந்த ரகம்தான். ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்ற பழைய வைத்தியம் இன்னும் சுற்றுகிறது. வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும் என்பதுதான் நடக்கும்.

‘டிக் டிக்’ சத்தம் கேட்டால் உடனே பவரை நிறுத்துவதே சரி. அதற்குப் பின் ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் தட்டில் புதிய கீறலாக முடியலாம். டேட்டா அவ்வளவு முக்கியம் என்றால் தூசியில்லா அறை வசதியுள்ள மீட்பு நிறுவனத்திடம் போக வேண்டும். அதன் கட்டணம் புது டிஸ்க் விலையைவிடப் பல மடங்கு ஆகலாம். கடையில் டிஸ்க் மூடியைத் திறந்து ‘பார்த்துடலாம்’ என்றால் தடுத்துவிட வேண்டும். ஒருமுறை தூசி உள்ளே போனால் மீட்பு நிறுவனத்துக்கும் வேலை கடினமாகிவிடும்.

சத்தமில்லை, மெதுவாகப் படிக்கிறது என்றால் வழி இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, வேறு கம்ப்யூட்டரில் இணைத்து, முக்கிய ஃபோல்டர்களை முதலில் காப்பி செய்யலாம். சினிமாவும் பாட்டும் கடைசியில். லினக்ஸ் தெரிந்தவர்கள் ‘டிடிரெஸ்க்யூ’ என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்தலாம். நல்ல இடங்களை முதலில் படித்து, கெட்ட இடங்களைக் கடைசிக்குத் தள்ளி வைப்பது அதன் பலம். பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில், சொந்தக்காரருக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு செட்டப் செய்தால் டிவைஸ் என்க்ரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிவிடுவதுதான் காரணம். அந்த டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். கீ கையில் இல்லாவிட்டால் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தும் டேட்டா கிடைக்காது. லேப்டாப் நன்றாக ஓடும்போதே அந்த எண்ணை எடுத்து வேறெங்காவது எழுதி வைப்பது நல்லது.

ஆபீஸ் லேப்டாப் என்றால் இதில் எதையும் சொந்தமாகச் செய்யக் கூடாது. திறக்காமல் ஐடி டீமிடம் சொல்லிவிடுவதே பாதுகாப்பு.

எதை வாங்குவது?

முதல் கேள்வி, மாற்ற முடியுமா? ஆப்பிள் சிலிகான் சிப் உள்ள மேக்புக்குகளில் ஸ்டோரேஜ் போர்டோடு சேர்ந்தே வருகிறது, வழக்கமான எஸ்.எஸ்.டி போலக் கழற்றி மாற்ற முடியாது. விலை குறைந்த சில விண்டோஸ் லேப்டாப்புகளிலும் இஎம்எம்சி எனும் சிப்பை போர்டிலேயே ஒட்டிவிடுகிறார்கள். வாங்கும்போதே கவனிக்க வேண்டிய விஷயம் இது.

மாற்ற முடியும் என்றால், பழைய லேப்டாப்பில் 2.5 அங்குல சாட்டா டிஸ்க் இருக்கும். அதே இடத்தில் சாட்டா எஸ்.எஸ்.டி அப்படியே உட்காரும். வேகம் நொடிக்கு 100 எம்பி சுமாரிலிருந்து 500 எம்பி-க்கு மேல் போகும். பழைய லேப்டாப்புக்குப் புது உயிர் கொடுக்கும் மாற்றம் என்றால் இதுதான். புதிய லேப்டாப்புகளில் எம்.2 எனும் பட்டை வடிவ எஸ்.எஸ்.டி. இதில் சாட்டா, என்.வி.எம்.இ என இரண்டு வகை. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றுக்காக உள்ள ஸ்லாட்டில் மற்றொன்று ஓடாமல் போகலாம். நீளமும் மாறும். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். மாடல் எண்ணை வைத்து லேப்டாப் நிறுவனத்தின் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்கினால் ஏமாற்றமில்லை.

விலை ஏறும் காலத்தில் போலிகளும் பெருகும். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய ஹார்ட் டிஸ்க்குகள் புதியவை என்று விற்கப்பட்டது அம்பலமானது. அவற்றின் ‘ஸ்மார்ட்’ கணக்கே பூஜ்யமாக மாற்றப்பட்டிருந்தது. பில்லோடு வாங்குவது, சீரியல் எண்ணை நிறுவனத்தின் வாரன்டி பக்கத்தில் சரிபார்ப்பது, அறிமுகமில்லாத பிராண்டில் நம்ப முடியாத விலைக்குக் கிடைக்கும் ‘2 டிபி’ டிஸ்க்கைத் தவிர்ப்பது, மூன்றும் அவசியம்.

மாற்றும்போது...

பழைய டிஸ்க் ஓரளவு நன்றாகப் படித்தால் அப்படியே குளோன் செய்யலாம். செக்டர்கள் கெட்டிருந்தால் குளோன் வேண்டாம். டேட்டாவைத் தனியாக எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதே நல்லது. 8 ஜிபி பென் டிரைவ் போதும். லைசென்ஸ் பற்றிக் கவலை தேவையில்லை. விண்டோஸின் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது. டிஸ்க் மாறினாலும் இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ‘லைசென்ஸுக்குத் தனி சார்ஜ்’ என்று கேட்டால், ஏன் என்று கேட்கலாம்.

கழற்றும் முன் லேப்டாப்பை முழுதாக ஆஃப் செய்து, சார்ஜரை எடுத்து, உள்ளே பேட்டரி கனெக்டரையும் பிரித்துவிட வேண்டும். இன்டெல் 11-ம் தலைமுறைக்குப் பின் வந்த சில லேப்டாப்புகளில், விண்டோஸ் இன்ஸ்டால் திரையில் புது டிஸ்க் தெரியவே தெரியாது. டிஸ்க் மோசமில்லை, இன்டெல்லின் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவில் போட்டுக் காட்டினால் வந்துவிடும். இது தெரியாமல் புது டிஸ்க்கையே ‘டெட்’ என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

வாரன்டி இருந்தால் சொந்தமாகத் திறக்கும் முன் சர்வீஸ் சென்டரைக் கேட்பது நல்லது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், வாரன்டி டிஸ்க்குக்குத்தான், டேட்டாவுக்கு இல்லை. மாற்றிய பழைய டிஸ்க்கை நிறுவனமே வைத்துக்கொள்வதும் வழக்கம். டிஸ்க்கை வாடிக்கையாளரிடமே விட்டுவிடும் வசதியைச் சில நிறுவனங்கள் தனிக் கட்டணத்துக்குத் தருகின்றன.

பழைய டிஸ்க் யாருக்கு?

வெளிக் கடையில் மாற்றினால் பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ‘அது வேஸ்ட்தான் சார்’ என்றாலும் வாங்க வேண்டும். கடைக்கு அது வேஸ்ட். அதில் ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் இருக்கலாம். பூட் ஆகாத டிஸ்க்கிலிருந்தும் ஃபைல்களை எடுக்க முடியும் என்பதைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தோம். யாரோ ஒருவராலும் அது முடியும்.

டேட்டா முழுதாகக் கிடைத்துவிட்டது என்று உறுதியான பிறகு, ஓடும் நிலையிலுள்ள ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் மேலெழுதி அழிக்கலாம். எஸ்.எஸ்.டி என்றால் நிறுவனம் தரும் ‘செக்யூர் எரேஸ்’ வசதி. ஓடவே ஓடாத டிஸ்க் என்றால் தட்டுகளையோ சிப்களையோ உடைத்துவிட்டு, பதிவு பெற்ற மின்கழிவு மையத்தில் கொடுக்கலாம்.

புது டிஸ்க் மாட்டி லேப்டாப் ஓடத் தொடங்கிய அன்றே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முக்கிய ஃபைல்களுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகை இடங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. லேப்டாப்பில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்றால் கணக்கு முடிந்தது. எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கும் கிளவுடுக்கும் ஆகும் செலவு, மீட்பு நிறுவனத்தின் பில்லோடு ஒப்பிட்டால் சின்னதுதான். அடுத்த முறை கடைக்காரர் “டிஸ்க் போயிடுச்சு சார்” என்றால், “சரிண்ணா, புதுசு போட்டுடுங்க” என்று நிம்மதியாகச் சொல்ல முடியும்.